மாக்: எரிச்சலூட்டும், ஆனாலும் விட முடியாது

சர்வர்களைக் கண்காணிக்கும் மானிட்டரிங் பேக்கேஜ்களை நானே பில்ட் செய்ய ஆரம்பித்த புதிதில், ஆர்பிஎம் (ரெட் ஹேட் வகை லினக்ஸின் பேக்கேஜ் வடிவம்) பேக்கேஜ்களைத் தனிச் சூழலில் பில்ட் செய்யும் கருவியான மாக் (Mock) பக்கமே போகவில்லை. கம்ப்யூட்டரில் ராக்கி லினக்ஸ் 9 இருக்கிறது, பேக்கேஜ் கட்டும் ஆர்பிஎம்பில்ட் கட்டளை இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்ற நினைப்புதான். நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் பிளகின்களைப் பிழையே இல்லாமல் பில்ட் செய்து, அல்மா லினக்ஸ் 8 ஓடும் ஒரு சர்வருக்குக் கொண்டுபோனால், ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) 2.34 இல்லாமல் உள்ளே வர மாட்டேன் என்று பேக்கேஜ் நிறுவும் டிஎன்எஃப் கையை விரித்துவிட்டது. 8-ல் இருப்பது 2.28. தப்பு என்னுடையதுதான்.

மாக் செய்வது எளிமையான வேலை. நீங்கள் கேட்கும் டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) குறைந்தபட்சப் பேக்கேஜ்களை மட்டும் இறக்கி ஒரு குட்டிச் சிஸ்டத்தைத் தனியாக அமைக்கும், பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஸ்பெக் கோப்பில் பில்ட்ரிக்வயர்ஸ் (பில்டுக்குத் தேவையானவை) என்று எழுதியதை மட்டும் அதில் நிறுவும், பிறகு பில்ட் செய்யும். ஒரே மெஷினில் இருந்து 8-க்கும் 9-க்கும் தனித்தனியாக ஆர்பிஎம் எடுக்கலாம். முதல் ஓட்டம் ஆமை வேகம். அடுத்த தடவையிலிருந்து கேஷ் கைகொடுக்கும்.

முதல் நாளே திட்டு வாங்கினேன். பிளகின்களுக்குத் தேவையான எஃப்பிங் என்ற கருவி கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. என் மெஷினில் இருக்கிறதே என்று பத்து நிமிடம் முறைத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது, அது ஈபெல் என்ற கூடுதல் பேக்கேஜ் களஞ்சியத்தில் இருந்து வருவது, நான் கொடுத்ததோ வெறும் ராக்கி கான்ஃபிக். ஈபெல் சேர்ந்த கான்ஃபிக்கும் மாக்கோடு தயாராகவே வருகிறது, பெயரை மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஆனால் மாக்கால் பிடிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது, நான் நன்றாக அடிபட்டது அதில்தான். நாகியோஸ் பிளகின்களின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டுக்கு (பில்டுக்கு முன் மெஷினில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது) எஸ்என்எம்பிகெட் என்ற கருவி கண்ணில் படவில்லை என்றால், அது பிழை காட்டி நிற்காது, எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) பிளகினை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போய்விடும். என் மெஷினில் அந்தக் கருவி ஏற்கெனவே இருந்ததால் குறை தெரியவே இல்லை. மாக்கின் காலிச் சிஸ்டத்தில் அது இல்லை, பில்ட் மட்டும் வெற்றி என்று வந்தது, ஏனென்றால் ஸ்பெக்கின் கோப்புப் பட்டியலில் சோம்பேறித்தனமாக, இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள் என்று பொருள்படும் ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தேன். சுவிட்சுகளைக் கண்காணிக்கப் போனபோதுதான் பிளகினே இல்லை என்று தெரிந்தது. இப்போது ஒவ்வொரு பிளகினையும் பெயர் சொல்லி எழுதுகிறேன். ஒன்று குறைந்தாலும் பில்ட் உடையும், உடையட்டும்.

இன்னொரு விஷயம், பில்ட் நடக்கும்போது மாக் இணையத்தைத் துண்டித்து வைக்கும். சி மொழியில் எழுதியவற்றுக்கு இது பிரச்சினையே இல்லை. ப்ரொமீத்தியஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளின் நோட் எக்ஸ்போர்ட்டர் போல கோ மொழியில் எழுதியவை பில்ட் நேரத்தில் மாட்யூல் தேடி வெளியே ஓடப் பார்க்கும், அங்கேயே விழும். மாட்யூல்களை முன்கூட்டியே சேர்த்துக் கட்டி இன்னொரு சோர்ஸாகக் கொடுக்க வேண்டும். இணையத்தைத் திறந்துவிடவும் ஒரு அமைப்பு உண்டு, நான் தொடுவதில்லை. இன்று இழுத்த மாட்யூலே அடுத்த வருடமும் அங்கே இருக்கும் என்று யார் சொல்வது?

குறைகள்? பிழைச் செய்திகள் பிரிந்து கிடக்கும். சார்புப் பேக்கேஜ் கிடைக்காத தகராறு ரூட் லாகில் (root.log), கம்பைல் தகராறு பில்ட் லாகில் (build.log), புதிதாக வருபவர்கள் எப்போதும் தப்பானதைத்தான் திறப்பார்கள். மாக்கை ஓட்ட அனுமதி தரும் மாக் குரூப்பில் ஒருவரைச் சேர்ப்பது கிட்டத்தட்ட ரூட் உரிமை (முழு நிர்வாக உரிமை) கொடுப்பது போலத்தான், பலர் பொதுவாகப் பயன்படுத்தும் மெஷினில் யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் வட்டு இடம்: நாலைந்து டிஸ்ட்ரோவுக்கு பில்ட் செய்தாலே வார் (/var) பகுதி வீங்கிவிடுகிறது. என் பில்ட் மெஷினில் வட்டு நிறைந்துவிட்டது என்று ஒரு நாள் ராத்திரி எச்சரிக்கை அனுப்பியது, நான் மாக்கில் பில்ட் செய்த அதே நாகியோஸ் பிளகின்தான்.