தடுப்பூசி நஷ்டஈடு கேஸ்ல "33 பர்சென்ட்"னு சொல்ற வக்கீல்கிட்ட மாட்டிக்காதீங்க

அமெரிக்கால இருக்கறவங்களுக்குத்தான் இது. 2018 அக்டோபர்ல ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டேன், போட்டவங்க தோள்பட்டை மூட்டுக்குக் கிட்ட ரொம்ப மேல குத்திட்டாங்க, அன்னிக்கு ராத்திரியே கையத் தூக்க முடியல. மறுநாள்ல இருந்து பொண்ணுக்குத் தலை பின்ன முடியாம அவளத் தரையில உக்காரவச்சு ஒத்தக் கையால ஒரு கிளிப்ப மாட்டி ஸ்கூலுக்கு அனுப்புவேன். ஊசி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, இப்பவும் வருஷா வருஷம் போட்டுக்கறேன், மத்த கையில!

தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு ஒரு கார் ஆக்சிடென்ட் வக்கீல் ஆபீஸுக்குப் போனேன். ஜெயிச்சா 33 பர்சென்ட், தோத்தா ஒண்ணும் வேணாம்னாரு, நானும் நல்ல மனுஷன்னு நம்பி கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டரை வருஷத்துக்கு மேல, ஊசி போட்ட ஃபார்மசிக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டதத் தவிர ஒரு துரும்பக்கூட நகத்தல, எப்ப ஃபோன் பண்ணாலும் "பேச்சுவார்த்தை நடக்குது மேடம்".

இதுக்குன்னே தனியா வக்கீலுங்க இருக்காங்கன்னு ஃபிசியோதெரபில பழக்கமான ஒருத்தங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. ஃபார்மசிய எடுத்த எடுப்புல கோர்ட்டுக்கு இழுக்கவே முடியாதாம். 1986ல வந்த சட்டப்படி வாஷிங்டன்ல இருக்கற ஃபெடரல் க்ளெய்ம்ஸ் கோர்ட்லதான் பெட்டிஷன் போடணும், எதிர்த்தரப்பு சுகாதாரத்துறை செக்ரட்டரி. மொத அறிகுறி வந்ததுல இருந்து 3 வருஷம் தாண்டிட்டா அவ்வளவுதான், எனக்கு சொச்சம் இருந்தது வெறும் ஏழு வாரம்! கோவிட் ஊசிக்கு வேற ஸ்கீம், அதுல ஒரே வருஷம்தான் டைம், வக்கீல் ஃபீஸும் குடுக்க மாட்டாங்க.

வயித்தெரிச்சல் என்னன்னா, எங்க கேஸ் மாதிரி கேஸ்ல வக்கீல் ஃபீஸ அந்த 1986 சட்டப்படி இருக்கற அரசு நஷ்டஈடு ஃபண்டே தனியா குடுத்துடும், நியாயமான கேஸா இருந்தா தோத்தாக்கூட குடுக்கும். நமக்கு வர்ற பணத்துல கைவைக்க வக்கீலுக்கு உரிமையே இல்ல, சட்டத்துலயே எழுதியிருக்கு.

புது வக்கீல் மொத நாளே என் மெடிக்கல் ரெக்கார்ட எடுத்துப் படிச்சாங்க. வலி "ரெண்டு வாரமா"ன்னு டாக்டர் எழுதியிருந்தாரு, ஆனா நான் அவர்கிட்டப் போனது ஊசி போட்டு மூணு வாரம் கழிச்சு. தோள்பட்டை கேஸ்ல 48 மணி நேரத்துக்குள்ள வலி ஆரம்பிச்சிருக்கணும், அந்த ஒரு வார்த்தைக்காக வீட்டுக்காரர், ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்கன்னு எல்லார்கிட்டயும் எழுதி வாங்க வேண்டியதாச்சு. பழைய வக்கீல் அந்த ஃபைலப் பிரிச்சாரான்னே சந்தேகம்தான்.

டைம் முடிய 11 நாள் இருக்கறப்ப பெட்டிஷன் போட்டோம், 2024ல செட்டில் ஆச்சு. செட்டில்மென்ட் பேப்பர்ல "ஊசியாலதான் வந்துச்சுன்னு அரசு ஒத்துக்கல"ன்னு ஒரு வரி இருந்துச்சு, படிச்சதும் சுருக்குன்னுச்சு, பாதி பேருக்கு மேல இப்படித்தான் முடியுதுன்னு வக்கீலம்மா சமாதானம் சொன்னாங்க. வலி வேதனைக்கு மட்டும் அதிகபட்சமே 2,50,000 டாலர்தான், அதுவும் எல்லாருக்கும் கிடைக்காது, அதனால கோடி கோடியா வாங்கித் தரேன்னு எவனாவது சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

பணம் வந்த மறு மாசமே பழைய ஆபீஸ்ல இருந்து 33 பர்சென்ட் கேட்டு பில். சட்டத்துல அந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து மஞ்சள் மார்க்கர்ல கோடு போட்டு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல.