ஓர் உலக உருண்டையும் ஒரு மெய்ப்புத் திருத்துநரும்

முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் மருந்துச் சீட்டோ பிஸ்கட் உறையோ எது கையில் வந்தாலும் கண் முதலில் பிழையைத்தான் தேடுகிறது. அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஓர் உலக உருண்டை வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பேத்திக்குப் பத்து வயது நிறைந்ததற்காக வாங்கியது. அவள் தொட்டதைவிட நான் தொட்டதுதான் அதிகம் என்று வீட்டில் பேச்சு.

30 செ.மீ. விட்டம். உள்ளே விளக்கு. உலோக வளைவு, மரப் பீடம், கூடவே 48 பக்கத்தில் உலகப் பொது அறிவுச் சிறுநூல் ஒன்று. தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சண்டை போடுவது என் நோக்கமல்ல. இந்த அளவில் எந்த உருண்டையை வாங்குபவருக்கும் எங்கெங்கே கண்ணை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று தெரிந்தால் போதும். என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதன் வடிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், எழுத்தைக் கண்ணைத் திறந்துகொண்டும் நம்பமுடியாது.

முதலில் வடிவம். இந்த அளவில் ஒரு செ.மீ. என்பது ஏறத்தாழ 425 கி.மீ. இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் உருண்டை பேச ஆரம்பித்துவிடும். சர்வதேச விண்வெளி நிலையம் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது, அதாவது இந்த உருண்டையிலிருந்து என் சுண்டுவிரல் பருமனுக்கும் குறைவான தூரம். 'விண்வெளி' என்று சொல்லும்போது மனத்தில் எவ்வளவு தூரம் போய்விடுகிறோம்! நிலவோ இதே அளவுக்கு 8 செ.மீ. விட்டமுள்ள பந்து. ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக்கொண்டோம். அதை எவ்வளவு தூரத்தில் வைக்கவேண்டும் என்று பேத்தியிடம் கேட்டேன். மேசையின் மறுமுனையில் வைத்தாள். இன்னும் தள்ளு என்றேன். நாற்காலிக்குப் போனாள், அலமாரிக்குப் போனாள், கடைசியில் 9 மீட்டர் அளந்தபோது கூடத்தைத் தாண்டி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். புத்தகப் படங்களில் பூமியும் நிலவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல நிற்பதைப் பார்த்துப் பழகிய எனக்கே அது ஓர் அதிர்ச்சிதான்.

நூல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை டோக்கியோவிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடித்தால், பசிபிக் பெருங்கடலின் நடுவே போகும் என்று நினைத்த நூல் அலாஸ்கா பக்கமாக ஏறிக்கொள்கிறது. நீளம் 25 செ.மீ.க்குச் சற்று அதிகம், அதாவது ஏறக்குறைய 10,850 கி.மீ. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆப்பிரிக்காவுக்கு மிக அருகில் உள்ள மாநிலம் எது என்று கேட்டால் பெரும்பாலானோர் புளோரிடா என்பார்கள். நூல் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தைக் காட்டுகிறது. அங்கிருந்து மொராக்கோ 12 செ.மீ.தான். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் லிமா, வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் மயாமிக்கும் கிழக்கே இருப்பதை விரலை நேர்கீழாக இறக்கினாலே பார்க்கலாம். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் ஆப்பிரிக்காவோடு தோளுரசி நிற்கும் கிரீன்லாந்து, இங்கே தன் உண்மையான அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆப்பிரிக்கா அதைப்போல் பதினான்கு மடங்கு.

பசிபிக்கைக் கட்டாயம் பாருங்கள். தட்டை வரைபடங்கள் அதை இரண்டாக வெட்டி இடது ஓரத்தில் பாதியும் வலது ஓரத்தில் பாதியுமாக ஒட்டிவிடுகின்றன. உருண்டையை அந்தப் பக்கம் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தால், ஓரங்களில் சில கரைகளைத் தவிரக் கண்ணுக்கு எட்டியவரை நீலம்தான். பூமியின் நிலப்பரப்பு முழுவதையும் சேர்த்துக் கட்டினாலும் அந்த ஒரு கடலுக்கு ஈடாகாது.

மலைகள் விஷயத்தில் மட்டும் வடிவமும் கொஞ்சம் பொய் சொல்கிறது. 'தொட்டு உணரலாம்' என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். இமயமலை 2 மி.மீ. புடைத்து நிற்கிறது. 8,849 மீட்டர் எவரெஸ்ட் இந்த அளவில் 0.2 மி.மீ.தான் இருக்கவேண்டும், தடித்த காகிதத்தின் கனம். பத்து மடங்கு ஏற்றிக் காட்டினால்தான் விரலுக்குத் தெரியும் என்பதால் இதை மன்னித்துவிடலாம். துருவங்கள் தட்டையாக இருப்பதைக் காட்டவில்லையே என்றும் கேட்கவேண்டாம். அந்த வித்தியாசம் விட்டத்தில் 43 கி.மீ.; இங்கே ஒரே ஒரு மில்லிமீட்டர்.

இனி எழுத்து.

பெட்டியின் மேல் 'புத்தம் புதிய பதிப்பு' என்று தங்க நிறத்தில் இருக்கிறது. ஆண்டு இல்லை. ஆண்டு போடாத பதிப்பைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். தெற்கு சூடான் இருக்கிறது, ஆகவே 2011 ஜூலைக்குப் பிறகு வரைந்தது. சமோவா, கிழமை மாறும் தேதிக்கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. அந்தத் தீவு நாடு 2011 டிசம்பர் 29, வியாழக்கிழமை இரவு படுத்து 31, சனிக்கிழமை காலையில் எழுந்தது. வெள்ளிக்கிழமை என்ற ஒன்று அந்த வாரம் அங்கே கிடையாது. வணிகம் செய்யும் ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் ஒரே கிழமையில் இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சரி, 2012 என்று வைத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவின் தெற்கே வந்தால் 'சுவாசிலாந்து' என்று இருக்கிறது. 2018 ஏப்ரலில் அந்நாட்டு மன்னர் அதை எசுவாத்தினி என்று மாற்றிவிட்டார். பால்கனில் வெறும் 'மாசிடோனியா'. 2019இலேயே அது வடக்கு மாசிடோனியா ஆகிவிட்டது. புருண்டியின் தலைநகரக் குறி இன்னும் புஜும்புராவில் நிற்கிறது. அரசியல் தலைநகர் கிடேகாவுக்குப் போய்விட்டது. ஆக, இந்தப் 'புத்தம் புதிய பதிப்பு' 2012க்கும் 2018க்கும் இடையில் எப்போதோ வரைந்தது.

கஜகஸ்தானுக்கு வந்தபோது பேத்தி குறுக்கிட்டாள். "தாத்தா, இங்கே அஸ்தானா என்றிருக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்திலும் அதுதான். இது சரியாகத்தானே இருக்கிறது?" சரிதான். 2019இல் முன்னாள் அதிபரின் பெயரால் நூர்சுல்தான் ஆன ஊர், 2022இல் மறுபடி அஸ்தானா ஆனது. மூன்று வருடம் பிழையாக இருந்துவிட்டு யாரும் கை வைக்காமலே திருந்திக்கொண்ட எழுத்தை என் தொழில் வாழ்க்கையில் வேறெங்கும் பார்த்ததில்லை.

விளக்கை அணைத்தால் மலை, ஆறு, பாலைவனம். போட்டால் நாடுகளும் எல்லைகளும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வரைபடங்கள். இரண்டுக்கும் வயது வேறு என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. இயற்கை வரைபடத்தில் ஏரல் கடல் நிறைந்த நீலமாக, வயிறு புடைத்து இருக்கிறது. 1960களில் பருத்திக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பிவிட்ட பிறகு, உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த அது வற்றி, துண்டு துண்டாகி, கப்பல்கள் மணலில் நிற்கும்படி ஆகிவிட்டது. எல்லைகளைத் திருத்தியவர்கள் ஏரியைத் திருத்த மறந்துவிட்டார்கள்.

கைவேலையில் இரண்டு குறை. வட பாதி, தென் பாதி என்று இரண்டு கிண்ணங்களை நிலநடுக்கோட்டில் சேர்த்து மேலே ஒரு நாடா ஒட்டியிருக்கிறார்கள். சேர்த்தவர் கை 2 மி.மீ. நழுவியிருக்கிறது. 2 மி.மீ. என்றால் 85 கி.மீ. விக்டோரியா ஏரியின் வட கரை ஒரு பக்கமும் தென் கரை ஒரு பக்கமும் பிசகி, உடைந்து ஒட்டிய தட்டு போல இருக்கிறது. ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ நாடாவுக்கு அடியில் போய்விட்டது. நிலநடுக்கோட்டை ஒட்டி அமைந்ததற்காகவே பேர்போன ஊருக்கு நேர்ந்த கதி இது! வாங்குமுன் இந்த நாடாவை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். இன்னொன்று, அடியில் உள்ள திருகு மரை. 2 செ.மீ. அகலம். தென் துருவத்தைச் சுற்றி 400 கி.மீ.க்கு மேல் எதுவும் தெரியாது. 1911 டிசம்பரில் தென் துருவத்தை முதலில் எட்டிய அமுண்ட்சென் நடந்த கடைசிச் சில வாரப் பயணத்தில் பெரும்பகுதி அந்த மரைக்குள் இருக்கிறது.

சிறுநூலைப் பற்றிச் சொல்லவேண்டும். சிரிப்பும் எரிச்சலும் மாறி மாறி வந்தது அதைப் படிக்கும்போதுதான். பழக்கவழக்கங்கள் பகுதி நன்றாகவே இருக்கிறது. எத்தியோப்பிய நாட்காட்டியில் பதின்மூன்று மாதம் என்பதையும், பதின்மூன்றாவதற்கு ஐந்தோ ஆறோ நாள்தான் என்பதையும் தெளிவாகச் சொல்கிறார்கள். அங்கே விடியலிலிருந்து மணி எண்ணுவதால் மற்றவர்களின் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தந்தையின் பெயரோடு மகன் அல்லது மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதும் இருக்கிறது. பல்கேரியாவில் ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலையசைப்பு நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு என்ற பக்கத்தைப் பேத்தி ஒரு வாரம் வீட்டில் நடித்துக்காட்டி எல்லோரையும் குழப்பினாள்.

ஆனால் உணவுப் பகுதியில் 'உருளைக்கிழங்கின் தாயகம் அயர்லாந்து' என்று கூசாமல் போட்டிருக்கிறார்கள். ஆண்டிஸ் மலைக்காரர்கள் கேட்டால் என்ன நினைப்பார்கள்! பெருவிலும் பொலிவியாவிலும் பல்லாயிரம் வருடமாகப் பயிரிட்டு, இரவுப் பனியில் உறைய வைத்து, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து 'சுன்யோ' என்று சேமித்து வைத்தவர்கள் அவர்கள். ஐரோப்பாவுக்கு அது போனதே 16ஆம் நூற்றாண்டில்தான். அடுத்த பக்கத்தில் பனாமா தொப்பி பனாமாவில் பின்னப்படுவதாக இருக்கிறது. பின்னுவது ஈக்வடாரில், டோக்கியா என்ற செடியின் நாரில். பனாமா வழியாக விற்பனைக்குப் போனதால் ஒட்டிக்கொண்ட பெயர். யுனெஸ்கோ 2012இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்ததும் ஈக்வடாரின் பின்னல் கலையைத்தான். பாவம் ஈக்வடார், தலைநகர் நாடாவுக்கு அடியில், தொப்பி வேறொரு நாட்டில்.

'உலகின் மிகப் பெரிய பாலைவனம் சகாரா' என்பதில் 'வெப்ப' என்ற ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. மழையளவை வைத்துப் பார்த்தால் அண்டார்டிகாதான் பெரியது. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பதும் தவறாமல் இருக்கிறது. அதற்கு மட்டும் நான் எதுவும் சொல்லவில்லை. பேத்தியை ஆரஞ்சோடு வாசற்படிக்கு அனுப்பினேன். எட்டு மீட்டர் அகலச் சுவர் இந்த உருண்டையில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடச் சொன்னேன். மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 9 மீட்டர் தூரத்திலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு நாடாவே தெரியவில்லை, தாத்தா" என்றாள். 2003இல் பூமியைச் சுற்றிய சீன விண்வெளி வீரர் யாங் லிவேயும், அவ்வளவு கிட்டத்தில் இருந்தும், சுவரைப் பார்க்க முடியவில்லை என்றுதான் சொன்னார்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். நிற்கும் பீடம் ஆடவில்லை, 23.5 பாகைச் சாய்வு சரியாக இருக்கிறது, விளக்கு சூடாவதில்லை, சுற்றினால் கீச்சென்று சத்தம் வருவதில்லை. கைக்கடக்கமான சிறிய உருண்டைகளில் தீவுகளின் பெயர் எறும்பு ஊர்ந்தது போல இருக்கும், 30 செ.மீ.க்குக் குறைந்து வாங்காதீர்கள். கடையில் நின்றபடியே எசுவாத்தினி, வடக்கு மாசிடோனியா இரண்டையும் தேடுங்கள், அரை நிமிட வேலை. சிறுநூல் உள்ள பெட்டி, இல்லாத பெட்டி என்று இரண்டு இருந்தால் இல்லாததை எடுங்கள்.

1492இல் நூரம்பெர்க் நகரில் மார்ட்டின் பெஹைம் செய்வித்த உருண்டைதான் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. அதில் அமெரிக்காவே கிடையாது. கொலம்பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் வீட்டு உருண்டை எவ்வளவோ தேவலை.

பிழைகளை எல்லாம் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. பேத்தி காத்திருக்கவில்லை. பொடி எழுத்தில் 'எசுவாத்தினி' என்று எழுதிச் சீட்டாக வெட்டி ஒட்டிவிட்டாள். சிறுநூலை என் சிவப்புப் பேனாவோடு எடுத்துப்போய், ஓரத்தில் நான் போடும் அதே குறிகளைப் போட்டு நேற்றுத் திருப்பிக் கொடுத்தாள். பத்தொன்பது திருத்தம். எண்ணிப் பார்த்தேன்; என் பட்டியலில் பதினேழுதான் இருந்தது.