கார்பன் வரியைத் தூக்குறது: ஆஸ்திரேலியா பாணியா, கனடா பாணியா?

2025 ஏப்ரல் 28 கனடா தேர்தல்ல, கார்பன் வரி, அதாவது கரியமில வாயுப் புகைக்கு டன் கணக்குல போடற வரி, வேணுமா வேணாமாங்கற சண்டையே இல்ல. ரெண்டு பெரிய கட்சியும் வேணாம்னு சொல்லியாச்சு, எது வரைக்கும் வெட்டறதுங்கறதுலதான் வித்தியாசம். எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் தலைவர் பியர் பொய்லியேவ் தொழிற்சாலை கட்டுறதையும் சேர்த்து மொத்தமா தூக்கணும்னார். பிரதமரா இருந்த லிபரல் கட்சி மார்க் கார்னி பெட்ரோல், கேஸ்னு ஜனங்க கட்டுற பங்கை மட்டும் ஏப்ரல் 1-லயே சைபர் ஆக்கிட்டு தொழிற்சாலை பங்கைத் தொடல. நான் கார்னி கட்சிக்குத்தான் ஓட்டு போட்டேன், காரணம் ஆஸ்திரேலியா.

அங்க அப்ப பிரதமரா இருந்த ஜூலியா கில்லார்ட் 2010 தேர்தலுக்கு முன்னாடி கார்பன் வரி வராதுன்னு வாக்கு கொடுத்துட்டு 2012 ஜூலையில டன்னுக்கு 23 டாலர்னு கொண்டு வந்தாங்க. எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட்டுக்கு அது போதாதா, அதையே புடிச்சு 2013-ல ஜெயிச்சு 2014 ஜூலை 17-ல செனட்ல 39-32ன்னு அடியோட புடுங்கிட்டார். கரண்ட் பில் குறைஞ்சதுல ஜனங்களுக்கு சந்தோஷம், அதை மறுக்கல.

ஆனா புடுங்கின இடத்துல என்ன வெச்சாங்கன்னு பாருங்க, எனக்கு மத்ததெல்லாம் ரெண்டாம் பட்சம். அதுவரைக்கும் புகை விடற கம்பெனி கஜானாவுக்குக் கட்டுச்சு, அப்புறம் 255 கோடி டாலர் ஒதுக்கி, புகையைக் குறைக்கறேன்னு ஏலத்துல வர்றவங்களுக்கு கஜானாவே கட்டுச்சு! 2016-ல பெரிய ஆலைகளுக்கு ஒரு உச்சவரம்பு போட்டாங்க, பேருக்குத்தான். 2023-லதான் அதை வருஷத்துக்கு 4.9% குறையணும்னு இறுக்கினாங்க. ஒன்பது வருஷம் சுத்தி கிட்டத்தட்ட கிளம்பின இடத்துக்கே வந்தாச்சு. ஒரு சிமென்ட் கம்பெனி சூளையை மாத்தணும்னா இருபது முப்பது வருஷக் கணக்கு போட்டுத்தான் காசை இறக்கும், தேர்தலுக்குத் தேர்தல் விதி மாறினா எவன் இறக்குவான்?

கனடாவுல அந்தக் கணக்கு அறுந்து போகல. ஆலை தன்னோட துறைக்கு வெச்ச அளவைத் தாண்டின புகைக்கு மட்டும் கட்டணும், அளவுக்குள்ள நின்னா கிரெடிட், அதை இன்னொரு ஆலைக்கு விக்கலாம். ஜனங்க ஓட்டு போக வெச்சது இது இல்லியே. பம்புல லிட்டருக்கு 17.6 சென்ட் எல்லார் கண்ணுலயும் பட்டுச்சு, ஒன்டாரியோ மாகாணத்துல நாலு பேர் குடும்பத்துக்கு அந்த வரிப் பணமே திரும்பி மூணு மாசத்துக்கு ஒருக்கா பேங்க்ல விழுந்த 280 டாலர் எதுக்கு வந்துச்சுன்னே பாதிப் பேர் கவனிக்கல. இதுக்கு நடுவுல 2023 அக்டோபர்ல கார்னிக்கு முன்னாடி பிரதமரா இருந்த ட்ரூடோவே வீடு சூடாக்குற எண்ணெய்க்கு மட்டும் மூணு வருஷம் விலக்கு கொடுத்தார், கிழக்குல அட்லாண்டிக் கடலோர மாகாணங்களுக்குத்தான் அதுல பெரிய லாபம், மத்த மாகாணமெல்லாம் அப்ப எங்களுக்குன்னு கிளம்பிட்டாங்க. வரி பாதி செத்தது அன்னிக்கே.

கார்னி வழியில நெருடல் இல்லாம இல்ல. கார் கம்மியா ஓட்டற, சின்ன வீட்டுல இருக்கற குடும்பங்களுக்கு கட்டினதை விட திரும்பி வந்ததுதான் பெரும்பாலும் ஜாஸ்தி, அது நின்னு போச்சு. அப்புறம் அவர் ஜெயிச்சதுல ட்ரம்ப் கனடாவை மிரட்டிப் பண்ணின உபகாரமும் நிறைய, வரியை வெட்டினதாலதான்னு நான் சொல்ல மாட்டேன்.

மிச்சம் வெச்ச தொழிற்சாலைப் பங்கும் நிலைக்கும்னு அடிச்சு சொல்ல எனக்கு தைரியம் வரல. 2030-ல டன்னுக்கு 170 டாலர்ங்கறது அப்ப இருந்த திட்டம், ஆனா ஆல்பர்ட்டா மாகாணத்துல 2025 மே மாசமே 95-லயே நிறுத்தி வெச்சுட்டாங்க.