250-ஆ, 300-ஆ? கைக்கு எட்டும் விலையில் ஒரு டெலி லென்ஸ்

கேனானின் சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி வகை கேமரா வைத்திருப்பவர்கள் 18-55 மி.மீ. லென்ஸோடு கொஞ்ச நாள் சந்தோஷமாக இருப்பார்கள். அப்புறம் ஒரு நாள் எதிர் மரத்தில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். படத்தில் அது வெறும் நீலப் புள்ளியாக விழும். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸுக்கான தேடல் அன்றைக்கே தொடங்கிவிடும்.

குறைந்த விலையில் தேடினால் திரும்பத் திரும்ப மூன்று லென்ஸ்கள் கண்ணில் படும்: கேனான் 75-300 III, கேனான் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம், டாம்ரான் 70-300 மேக்ரோ. என் ஓட்டு 55-250-க்கு.

மி.மீ. கூடக் கூட தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும் என்பதால் 300 என்ற எண் ஆசை காட்டும்தான். ஆனால் 24 மெகாபிக்சல் கேமராவில் 250-ல் எடுத்த படத்தை 300-ன் அளவுக்கு வெட்டினாலும் கிட்டத்தட்ட 17 மெகாபிக்சல் மிஞ்சுகிறது. கை நடுங்கிக் கலங்கிய படத்தை எப்படி வெட்டினாலும் சரியாகாது. 75-300-ல் ஐஎஸ், அதாவது கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி, கிடையாது. இந்த சென்சாரில் 300 என்பது 480 மி.மீ. போல நடந்துகொள்ளும் என்பதால், கையில் பிடித்து எடுக்க 1/500 நொடியாவது வேண்டும். விடிகாலை வெளிச்சத்தில், எஃப் 5.6 என்ற சிறிய துளை அளவில், அந்த வேகத்துக்காக ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) எக்கச்சக்கமாக ஏற்ற வேண்டிவரும்; படம் புள்ளிபுள்ளியாகும். போதாக்குறைக்கு, 300-ல் அதன் படம் கொஞ்சம் மழுங்கலாகவே இருக்கும்.

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் 55-250-ஐ முதன்முதலாக நீட்டிப் பிடித்தது நன்றாக நினைவிருக்கிறது. ஷட்டரைப் பாதி அழுத்தியதும், வியூஃபைண்டரில் ஆடிக்கொண்டிருந்த நத்தைகுத்தி நாரை சட்டென்று நிலைத்து நின்றது. 1/80 நொடியில் எடுத்த படத்தில் அதன் இரண்டு அலகுகளுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளிகூடத் தெளிவாக இருந்தது. பறக்கும் பறவைக்கு மட்டும் ஐஎஸ் உதவாது. அதற்கு 1/1000-க்கு மேல் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே கைகொடுப்பது எஸ்டிஎம் மோட்டார். சத்தமில்லாமல், வேகமாக ஃபோகஸ் பிடிக்கும். எடையும் 375 கிராம்தான். 75-300 சுமார் 480.

டாம்ரானை ஒரே ஒரு காரணத்துக்காக வாங்கலாம். 180-லிருந்து 300 வரை மேக்ரோ (அருகில் வைத்து எடுக்கும்) சுவிட்சைத் தட்டினால் 95 செ.மீ. தூரத்தில், பொருளின் நிஜ அளவில் பாதி அளவுக்குச் சென்சாரில் பிம்பம் விழும். பட்டாம்பூச்சிப் பிரியர்களுக்கு இது போதும். ஆனால் இதிலும் ஐஎஸ் இல்லை. வெளிச்சமான வானத்தின் முன் கிளைகளின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும்.

75-300-க்கு இருக்கும் ஒரே நியாயம், அது பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரிலும் மாட்டும், 55-250 மாட்டாது. 2025-ல் கேனானின் மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் மவுண்டிலும் ஒரு 75-300 வந்தது. அதிலும் ஐஎஸ் இல்லை, எனவே என் பதில் மாறவில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் பெயரை முழுசாகப் படியுங்கள். 55-250-ல் ஐஎஸ், ஐஎஸ் II, ஐஎஸ் எஸ்டிஎம் என்று மூன்று உண்டு; நான் சொல்வது 2013-ல் வந்த கடைசி ஒன்றை. அப்புறம், பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். ஒருமுறை விலை பேசி முடித்துப் பணம் எடுக்கும் நேரத்தில் அப்படிப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி நூல் போல ஃபங்கஸ் (பூஞ்சை) படர்ந்திருந்தது. லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.