பார்ட்டி பாப்பர் எமோஜி: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வண்ணக் காகிதத் துணுக்குகளைச் சிதறவிடும் கூம்பு வடிவ எமோஜியைப் பல ஆண்டுகளாக அலுவலகக் குழுக்களிலும் உறவினர் குழுக்களிலும் பயன்படுத்தி வருகிறேன். வாழ்த்துவதற்கான எமோஜிகளில் நான் மிகவும் நம்புவது இதைத்தான். ஏனெனில் இது அனுப்புபவரின் முகபாவத்தைக் காட்டாமல், நடந்து முடிந்த நல்ல நிகழ்வையே முன்னிறுத்துகிறது.

ஜப்பானியக் கைபேசிகளின் எமோஜித் தொகுப்புகளிலிருந்து வந்த இக்குறி, எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எல்லாக் கருவிகளிலும் பொதுவான குறியீட்டுத் தரமாகிய யூனிகோடின், 2010-இல் வெளியான 6.0 பதிப்பில் இடம்பெற்றது. உடன் வந்த கான்ஃபெட்டி பந்து, ஜப்பானிய விழாக்களில் உயரே தொங்கவிட்டுத் திறக்கப்படும் குசுதாமா என்ற அலங்கார உருண்டையைக் குறிப்பது; பயன்பாட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் 2018-இல் யூனிகோட் 11.0 பதிப்போடு வந்த, தொப்பி அணிந்து ஊதுகுழல் ஊதும் முகம் வேறு வகையைச் சேர்ந்தது. அது அனுப்புபவரின் உற்சாகத்தைச் சொல்கிறது. கூம்போ பெறுபவரின் வெற்றியைச் சொல்கிறது. அதிகம் பழக்கமில்லாத ஒருவருக்கோ மேலதிகாரிக்கோ பதவி உயர்வு கிடைக்கும்போது நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பது கூம்பைத்தான்.

பணியிடத்தில் இதற்கு இன்னொரு பொருளும் நிலைபெற்றிருக்கிறது. மென்பொருள் உருவாக்குநர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளம் 2016-இல் எதிர்வினைக் குறிகளை அறிமுகப்படுத்தியபோது, அந்தச் சிறு தொகுப்பிலேயே இதுவும் இருந்தது. நெடுநாள் இழுத்த வேலை முடிந்து புதிய பதிப்பு வெளியாகும்போது, "எல்லோரும் சேர்ந்து முடித்துவிட்டோம்" என்ற நிறைவை இந்த ஒரு குறி தெரிவித்துவிடுகிறது. கட்டைவிரல் குறியோ வெறும் ஒப்புதலாக நின்றுவிடுகிறது.

கவனம் தேவைப்படுவது கலவையான செய்திகளில்தான். பணி ஓய்வு, வேலையிலிருந்து விலகல், அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புதல் போன்றவற்றை அறிவிப்பவர் மகிழ்ச்சியோடுதான் சொல்கிறாரா என்பது எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. அவர் தாமே இந்தக் குறியை இட்டிருந்தால் நானும் இடுகிறேன். இல்லாவிட்டால் இரண்டு வரி எழுதுகிறேன். சில செயலிகளில் இதை அனுப்பியவுடன் திரை முழுவதும் வண்ணத் துணுக்குகள் பறக்கின்றன என்பதால், இந்தத் தயக்கம் மிகையானதன்று. அமைதியாகச் சொல்லப்பட்ட செய்தியின் மேல் அந்த ஆரவாரம் பொருந்தாமல் விழும்.

எத்தனை இடுவது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஒன்றே போதும். பார்வைக் குறைபாடுள்ளோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் எமோஜியின் பெயரை உரக்கப் படிக்கின்றன. வரிசையாகப் பல இட்டால் அந்தப் பெயரையே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்க நேரலாம். வாக்கியத்தின் நடுவில் செருகினால் சொல்ல வந்ததும் அறுபட்டுவிடுகிறது. ஆகவே வாழ்த்தை முழு வாக்கியமாக, எதற்கான வாழ்த்து என்பதையும் சேர்த்து எழுதி, முற்றுப்புள்ளிக்குப் பிறகு கூம்பை இடுகிறேன்.