வைஃபை அளக்கப் போய் 1,450 ரூபாய் தண்டம்

மாடி அறையில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. வைஃபை அடிக்கடி அறுந்துபோனது. ரவுட்டரை எங்கே மாற்றி மாட்டலாம் என்று பார்க்க, சிக்னல் அளக்கும் செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா 799 ரூபாய் கட்டினேன். "நொடிக்கு நொடி நேரலை" என்பது அவர்கள் விளம்பரம்.

ஃபோனைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். கூடத்தில் மைனஸ் 48 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு; மைனஸுக்குப் பின்வரும் எண் கூடக்கூட சிக்னல் பலவீனம்). மாடியிலும் அதே மைனஸ் 48. காங்கிரீட் தளம் தாண்டியும் குறையவில்லையே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், நானோ சந்தோஷப்பட்டேன். அரை நிமிடம் போல நின்றதும் சடாரென்று மைனஸ் 79.

செயலிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டதற்கு, "உங்கள் ஃபோனின் ஹார்டுவேரில் கோளாறு" என்று ஒரு வரி பதில். பக்கத்து சர்வீஸ் கடையில் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, "ஆன்டெனா போயிருச்சு சார்" என்றார். இரண்டு நாள், 1,450 ரூபாய். வீட்டுக்கு வந்து படியேறினால் மறுபடியும் அதே கதை.

அப்புறம் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கும் தம்பி சொன்னான்: 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், திறந்திருக்கும் ஒரு செயலி இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் வைஃபை ஸ்கேன் செய்ய, அதாவது சுற்றிலும் உள்ள வைஃபை சிக்னல்களைத் தேடி அளக்க முடியும். பேட்டரியைக் காக்க வந்த கட்டுப்பாடு. அதற்கு மேல் கேட்டால் பழைய அளவையே திருப்பிக் காட்டும். காசு கட்டிய செயலிக்கும் இலவசச் செயலிக்கும் இதே விதிதான். செயலி எழுதியவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

ஆண்ட்ராய்டு 10 முதல் இதை நிறுத்திவைக்க வழி உண்டு. செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'வைஃபை ஸ்கேன் த்ராட்லிங்' (ஸ்கேன் கட்டுப்பாடு) என்பதை அணைக்க வேண்டும். அணைத்ததும் படிக்குப் படி எண் இறங்கியது. செயலியில் வைஃபை பட்டியலே காலியாக வந்தால் முதலில் லொகேஷன் போட்டிருக்கிறதா, செயலிக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் ஃபோனைக் கழற்றவே தேவையில்லை.

சந்தாப் பணம் திரும்பவில்லை. வாங்கிய 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோரில் கேட்டிருந்தால் வாய்ப்பு இருந்திருக்கும்; அதன்பின் செயலிக்காரர்களிடமே கேளுங்கள் என்கிறார்கள். அவர்களோ பதிலே போடுவதில்லை. கடைக்குப் போய், கழற்றிய பழைய ஆன்டெனாவைக் காட்டுங்கள் என்றேன். குப்பையில் போட்டாச்சாம்.