கயாக்கில் கேமரா: சில பருவங்கள் பயன்படுத்திய பிறகு

கடலோரமாகக் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) ஓட்டி, தீவில் கூடாரம் அடித்து, மறுநாள் மேடு ஏறிப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பை வாங்கும்போது முதலில் கேட்பது, "தண்ணீர் புகுமா?" என்றுதான். சில பருவங்கள் ஓட்டிப் பார்த்ததில், அதை இரண்டாவதாகக் கேட்டால் போதும் என்று தோன்றுகிறது. முதலில் கேட்க வேண்டியது, "கேமரா எத்தனை நொடியில் கைக்கு வரும்?" என்பது. கயாக்கின் பின்பக்க ஹேட்சுக்குள், அதாவது மூடியுள்ள சாமான் அறைக்குள், பத்திரமாக மூடி வைத்த கேமராவால் கடல் நடுவே ஒரு படமும் எடுக்க முடியாது. அதை எடுக்கக் கரையேற வேண்டும். அதற்குள் பறவை போய்விடும், வெளிச்சமும் போய்விடும்.

கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியும் வைத்திருக்கிறேன், வாயைச் சுருட்டி மூடும் உலர்பையும் வைத்திருக்கிறேன். பெட்டி மிதக்கும், அடி தாங்கும். ஆனால் ஹேட்சின் வட்ட வாய்க்குள் நுழையாது. நாம் உட்காரும் குழியான காக்பிட்டில் கால்களுக்கு நடுவே வைத்தால், கவிழும்போது வெளியே வருவதற்கு அதுவே தடை. மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு முடியோ மணல் துகளோ சிக்கினாலே நீர் கசியும். அதனால் இப்போது பெட்டியில் போவது தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் பெரிய டெலி லென்ஸ் மட்டும். மற்றதெல்லாம் உலர்பையில்தான்.

உலர்பையில் பழக வேண்டியது சுருட்டும் விதம். காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயின் இரு விளிம்புகளையும் நேராகச் சேர்த்து, குறைந்தது மூன்று சுற்று இறுக்கமாகச் சுருட்டிக் கொக்கியை மாட்ட வேண்டும். விளிம்பில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் நீருக்கு அதுவே வழி. நாளாக ஆக அந்த மடிப்புக் கோட்டில்தான் பூச்சு வெடிக்கும். பருவம் தொடங்கும் முன் பையில் காற்றை அடைத்துச் சுருட்டி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துவிடுவேன். குமிழி வந்தால் அந்தப் பை இனி துணி வைக்கத்தான்.

போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் தாங்கும் தரக்குறியீடு ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஆனால் அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஈரக்கைக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது என்பது தனித் தொல்லை. ஒலி கூட்டும் பொத்தானையே ஷட்டராக வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

நீரைவிட எனக்குப் பகையாகிப் போனது உப்புதான். தெறித்த துளி காய்ந்ததும் லென்ஸ் வளையத்தின் இடுக்கில் வெள்ளைப் பொடியாகத் தங்கும், திருப்பும்போது நறநறக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதே உப்பு ஈரத்தை இழுத்து மறுபடி நீராகும். கடற்கரை இரவுகளில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவதே அரிது. எனவே ஒவ்வொரு மாலையும் ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட்டு, நன்னீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. முதலிலேயே உலர்ந்த துணியால் தேய்த்தால் அந்த உப்பே கண்ணாடியின் மேற்பூச்சைக் கீறக்கூடும். குடிநீரில் அரைக் குவளையை இதற்கென்று ஒதுக்கத்தான் வேண்டும்.

பனிப்படலம் இன்னொரு விஷயம். ஹேட்சின் அடிப்பகுதி கடல்நீரின் குளிர்ச்சியிலேயே இருக்கும். அங்கிருந்த கேமராவைச் சூடான, ஈரமான காற்றில் சட்டென்று திறந்தால் கண்ணாடி மங்கிவிடும். பையைத் திறக்காமல் அப்படியே வெளியே கொஞ்ச நேரம் வைத்திருந்தால் போதும். சிலிக்கா ஜெல் பொட்டலமும் உதவும், அவ்வப்போது சூடாக்கி உலர்த்தினால்தான்.

சரி, இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? கயாக்கில் உட்கார்ந்தால் கண் இருப்பது நீர்மட்டத்துக்குச் சுமார் 80 சென்டிமீட்டர் மேலே. அடிவானம் 3 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். கரையில் இரைதேடும் பறவையின் உயரத்துக்கு ஏறக்குறைய நம் கண்ணும் வந்துவிடுகிறது. பின்புலம் வெகுதூரம் தள்ளிப்போய் மங்குகிறது. நிலத்தில் இந்தக் கோணம் வேண்டுமானால் சேற்றில் குப்புறப் படுக்க வேண்டும். மறுநாள் 100 மீட்டர் மேட்டில் ஏறினால் அடிவானம் ஏறக்குறைய 36 கிலோமீட்டர். நேற்று வந்த நீர்ப்பாதை முழுவதும் ஒரே சட்டகத்தில் அடங்கும். லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி இருந்தால் நீரின் பளபளப்பு விலகி, அடியில் உள்ள மணல்திட்டும் பாறையும் தெரியும். ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) அளவு வெளிச்சம் குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அகலமான காட்சி தரும் வைட் லென்சில் வானத்தின் ஒரு பாதி மட்டும் கருத்துவிடுகிறது, அங்கே கழற்றிவிடுவேன்.

துடுப்பை நிறுத்தினால் கயாக் பெரும்பாலும் காற்றுக்குக் குறுக்காகத் திரும்பிக்கொள்ளும். அதனால் காற்று வரும் பக்கமாகப் போய் நின்று, மிதந்தபடியே நெருங்குவது என் வழக்கம். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே போவதில்லை. கேமராவின் நிலைநிறுத்தி கைநடுக்கத்தைக் குறைக்கும், அலையின் மேல் ஆடும் அடிவானத்தை நேராக்காது. பிறகு நிமிர்த்தி வெட்ட ஓரத்தில் இடம் விட்டு எடுப்பது நல்லது. ஆலா என்னும் கடற்பறவை இனங்களில் பல வெறும் மணலில் முட்டையிடும். அவை தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் நாம் ஏற்கெனவே மிக அருகில் போய்விட்டோம் என்று அர்த்தம். திரும்பிவிட வேண்டும், படம் எவ்வளவு நன்றாக வரும் என்று தோன்றினாலும்.

இரவுப் படத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பால்வெளி எடுக்க இருட்டான அமாவாசை வேண்டும். அமாவாசையை ஒட்டிய நாட்களில்தான் கடல் ஏற்றமும் அதிகம். பகலில் அகலமாகத் தெரிந்த மணல்வெளி, சுமார் ஆறு மணி நேரத்தில் காணாமல் போகும். அந்த ஏற்றத்தில் பாதி, நடு இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடும். ஷட்டரைத் திறந்தே வைத்திருக்கும் நீண்ட எக்ஸ்போஷர் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைக் கவனிக்க யாருக்கும் தோன்றாது. ஏற்றநீர் ஒதுக்கிய காய்ந்த பாசி வரிசைக்கு மேலே கூடாரத்தை மட்டுமல்ல, பை, செருப்பு, துடுப்பு எல்லாவற்றையும் வைத்துவிட்டுத்தான் ட்ரைபாடோடு கீழே இறங்குவேன்.

அந்த ட்ரைபாடின் கால்களை நீட்டும்போது கடைசி, மெல்லிய பகுதியை முதலில் முழுக்க இழுத்துவிட்டால் மூட்டுகள் மணலுக்கும் நீருக்கும் மேலே நிற்கும். என்னுடையது திருகி இறுக்கும் வகை. மணல் போனால் மூட்டைக் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது. அடுத்து வாங்கினால் நெம்பி மூடும் வகைதான், எடை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.